பனிக்காலத்தில் ஓய்ந்திருக்கும் ராட்டினங்கள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். குளிர் நாடுகளிலுள்ள களியாட்டப் பூங்காக்களையும், பனிக்காலத்தில் அங்குள்ள ராட்டினங்களுக்கு நேர்வதையும் பற்றியே பேசப்போகிறேன். விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பெரிய மேடையா என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். ஆனால், ஒரு தாய் தன் பிள்ளையை ஒரு வண்டியில் ஏற்றி, இரும்புச் சட்டமொன்றைப் பூட்டி, 300 அடி உயரத்துக்கு அனுப்புகின்ற இடம் அது. அந்த வண்டியைத் தாங்குபவை உருக்கும் றப்பரும் கிறீசும் மட்டுமல்ல. யாரோ ஒருவர் தம் கடமையைச் செய்திருப்பார் என்ற நம்பிக்கையும் அதைத் தாங்குகின்றது. அந்த நம்பிக்கை தகுதியானதுதானா என்பதே என் பேச்சின் உட்கிடை.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இரும்புப் பாதையில் ஏறி இறங்கி வளைந்தோடும் வண்டியை இங்கிலீசில் றோலர் கோஸ்ரர் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் அதனை 'ருசிய மலைகள்' என்று அழைக்கின்றனர். ருசியரோ அதையே 'அமெரிக்க மலைகள்' என்கின்றனர். இரண்டு பெயர்களில் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரே பிறப்பை உள்ளபடி சொல்கிறது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ருசிய நாட்டில், சிறப்பாகச் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், மரத்தால் உயர்ந்த சரிவுகளைக் கட்டி, அவற்றின்மேல் தண்ணீரை ஊற்றிப் பனிக்கட்டியாக உறையவைத்துச் சறுக்கி விளையாடினார்கள். 1817இல் பாரிஸ் நகரில் சில்லு பூட்டிய வண்டிகள் பாதையிலே ஓடலாயின. 1884இல் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் நியூ யோர்க்கின் கொனி ஐலன்ட் கடற்கரையில் தம்முடைய வண்டியை ஓட்டினார். மணிக்கு 6 மைல் வேகம். கட்டணம் 5 சதம். ஆகவே, குளிரிற் பிறந்த பிள்ளை இது. அந்தப் பிள்ளை வளர்ந்து உருக்குடம்பு பெற்றபின், தன்னைப் பெற்ற குளிரையே அஞ்சி ஒதுங்க வேண்டியதாயிற்று. அது ஏன் என்று பார்ப்போம்.

எங்கள் ஊர்களிலிருந்து சென்றவர் பலர் வாழும் ரொறன்ரோ நகரின் வடபுறத்தே 'கனடாஸ் வொண்டர்லாண்ட்' என்ற பெரிய பூங்கா உண்டு. 1981இல் திறக்கப்பட்டது. உங்கள் மைத்துனரோ மருமக்களோ அங்கே எடுத்த புகைப்படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் படங்களிலெல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அங்குள்ள பெரிய வண்டிகள் வசந்த காலத்தில் ஓடத் தொடங்கி, இலையுதிர் காலத்தின் முடிவில் ஓய்ந்துவிடுகின்றன. பனிக்காலத்தில் பூங்காவிலே விளக்கு விழா நடந்தபோதும் பெரிய வண்டிகள் பெரும்பாலும் அசையாமலே நின்றன. சனங்கள் வரமாட்டார்கள் என்பது ஒரு காரணமே. முழுக் காரணம் அதுவன்று.

றோலர் கோஸ்ரருக்குள் இயந்திரம் எதுவும் இல்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். பெரும்பாலான வண்டிகளைச் சங்கிலி ஒன்று முதற் குன்றின் உச்சிவரை இழுத்து விட்டுவிடுகிறது. அதன்பின் அதற்குத் துணை புவியீர்ப்பு ஒன்றே. உச்சியிலே பெற்ற சக்தியே அதன் கைம்முதல். வழிநெடுக உராய்வுக்கும் காற்றுக்கும் அந்தக் கைம்முதலிலிருந்து வரி கட்டிக்கொண்டே போகவேண்டும். நிலையத்துக்குத் திரும்பும்வரை முதல் தீர்ந்துவிடக் கூடாது. மேற்சொன்ன பூங்காவில் 2012இல் திறந்த 'லெவயதன்' என்ற வண்டி ஏறத்தாழ 93 மீற்றர் உயரத்தை எட்டுகிறது. அவ்வுயரத்திலிருந்து தடையேதுமின்றி விழும் பொருள் மணிக்கு ஏறத்தாழ 154 கிலோமீற்றர் வேகத்தைப் பெறும் என்பது பௌதிகக் கணக்கு. அந்த வண்டியின் உண்மையான வேகம் 148 கிலோமீற்றர். இறங்கும்போதே வரி தொடங்கிவிட்டதன்றோ?

குளிர் வந்தால் இந்த வரி மூன்று வகையில் ஏறுகிறது.

முதலாவது, கிறீஸ். மார்கழி மாதத்து விடியற்காலையில் போத்தலிலே தேங்காயெண்ணெய் உறைந்து நிற்பதையும், அதை வெயிலில் வைத்து அம்மா உருக்குவதையும் அறியாதார் யார்? எங்கள் நாட்டுக் குளிருக்கே எண்ணெய் அப்படி ஆகுமானால், பூச்சியத்துக்கும் கீழே 15 பாகை செல்சியஸ் வரை இறங்கும் நாட்டிலே சில்லின் அச்சிலுள்ள கிறீஸ் என்ன பாடுபடும்? தேங்காயெண்ணெயைப் போல அது எளிதில் உறைவதில்லை எனினும், தடித்துப்போய்ச் சில்லு இலேசாகச் சுழலாதபடி பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, சில்லு. வண்டியின் சில்லுகளைச் சுற்றிப் பொலியுரேத்தேன் என்னும் றப்பர் போன்ற பொருளைப் பூசியிருக்கிறார்கள். பாரம் அழுத்தும்போது அது சற்று நசுங்கி, மறுகணம் பழைய உருவத்துக்கு மீளவேண்டும். நசுக்கப் போன சக்தியின் பெரும்பகுதியை மீளும்போது திருப்பிக் கொடுத்தால் வண்டி இலகுவாக ஓடும். குளிரில் அந்தப் பொருள் விறைத்து, மெதுவாகவே மீள்கிறது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதிற் சுணக்கம் காட்டுகிறது. அதனால் வண்டி தளர்கிறது. இதனாலேதான் காலையில் முதலோட்டம் மந்தமாகவும், வெயிலும் ஓட்டமும் சில்லைச் சூடாக்கிய பின் பிற்பகலோட்டம் வேகமாகவும் இருக்கக் காண்கிறார்கள்.

மூன்றாவது, காற்று. 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோகிராம் நிறையுடையது. பூச்சியப் பாகையிலே அதே அளவு காற்று 1.29 கிலோகிராம். அதாவது, குளிர்காற்று நூற்றுக்குப் பதினொரு பங்கு தடிப்பானது. மெல்ல நடப்பவனுக்கு இது தோன்றாது. மணிக்கு 148 கிலோமீற்றரிற் பறக்கும் வண்டிக்கோ இது பெருஞ் சுமை.

இம்மூன்றும் கூடினால் வண்டி அடுத்த குன்றை ஏற மாட்டாமல், இரண்டு குன்றுகளுக்கிடையே முன்னும் பின்னும் ஊஞ்சலாடிப் பள்ளத்திலே நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பொயின்ற் பூங்காவில் 2003 முதல் 2021 வரை ஓடிய 'ரொப் திரில் டிறாக்ஸ்ரர்' என்ற வண்டி, 420 அடிக் கோபுரத்தின் உச்சியை எட்டுவதற்காக மணிக்கு 120 மைல் வேகத்தில் எய்யப்பட்டது. காற்றோ தட்பவெப்பமோ ஒத்துழையாதபோது அது உச்சியை எட்டாமல் வந்த வழியே பின்னோக்கி இறங்குவதுண்டு. அப்படி நேருமென்று அமைத்தவர்கள் முன்னரே எண்ணியிருந்தபடியால், கீழே காந்தத் தடைகள் எழுந்து அதைப் பத்திரமாக நிறுத்திவிடும். தவறு நேரக்கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் பொறியியலின் முதற்பாடம் என்று இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

எல்லா ராட்டினங்களும் குளிருக்கு ஒருபோல அஞ்சுவதில்லை. வியன்னா நகரில் 1897இல் எழுப்பிய பெரிய ராட்டினம் பனிக்காலத்திலும் சுற்றுகிறது. மூடிய அறைகளோடு, இயந்திரத்தால் மெல்ல மெல்லச் சுழற்றப்படுவதால், அது நடுவழியில் தளர்ந்துபோக இடமில்லை. கைம்முதலை ஒரே தடவையில் வாங்கிச் செலவழிப்பவனுக்கும், நாள்தோறும் உழைத்து நாள்தோறும் உண்பவனுக்கும் உள்ள வேறுபாடு இது.

இனி உருக்கைப் பார்ப்போம். எங்கள் ஊர்களிலே வண்டிச் சில்லுக்குப் பட்டை பூட்டிய கொல்லரின் வேலையைப் பெரியோர்கள் நன்கு அறிவீர்கள். இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் பெருக்கச் செய்து சில்லின்மேல் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். குளிர்ந்த இரும்பு சுருங்கி, மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அதே சுருக்கம் றோலர் கோஸ்ரர்ப் பாதையிலும் நிகழ்கிறது. லெவயதனின் பாதை 1,672 மீற்றர் நீளமானது. கோடையின் 30 பாகைக்கும் பனிக்காலத்தின் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் இடையே 50 பாகை வேறுபாடு. உருக்கு ஒரு பாகைக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்திற் பன்னிரண்டு பங்கு சுருங்குமாதலால், அந்தப் பாதையை நேராக நீட்டி வைத்தால், பனிக்காலத்தில் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் குறைந்துவிடும். பாதை வளைந்து வளைந்து செல்வதாலும், தாங்கும் தூண்கள் சற்று அசைந்து கொடுக்கும்படி அமைக்கப்படுவதாலும் பெருந் தீங்கு நேர்வதில்லை. எனினும் பொருத்துகளும் பூட்டிய ஆணிகளும் ஆண்டுதோறும் இந்த இழுபறியைத் தாங்கியே தீரவேண்டும்.

சுருக்கத்தைவிடக் கொடியது, உருக்கு நொறுங்கும் தன்மை பெறுவது. 1943ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி, அமெரிக்காவின் போட்லண்ட் துறைமுகத்திலே, 'ஸ்கெனெக்ரடி' என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், அலையற்ற நீரிலே கட்டப்பட்டிருந்தபோதே, பேரொலியோடு நடுவிலே பிளந்தது. குண்டு விழவில்லை, பாறையில் மோதவுமில்லை. அக்காலத்தில் விரைந்து கட்டப்பட்ட வேறு பல கப்பல்களிலும் வெடிப்புகள் கண்டன. கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்ற அம்மையார் ஆராய்ந்து, குளிர் ஓர் எல்லையைக் கடக்கும்போது அந்த வகை உருக்கு வளையும் குணத்தை இழந்து கண்ணாடிபோல உடைகிறது என்று காட்டினார். இக்காலத்தில் அத்தகைய குளிரைத் தாங்கும் உருக்கையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதைச் செய்தவர் ஒரு வெப்ப எல்லையைக் குறித்துக் கொடுப்பதும், அந்த எல்லைக்குக் கீழே அதை ஓட்டாதிருப்பதும் ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்தது தண்ணீர். உறையும்போது தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கிறது. குழாய்க்குள்ளே அகப்பட்ட நீர் உறைந்தால், தடித்த குழாயும் வெடிக்கக்கூடும். ஆகவே பூங்கா மூடியதும், நீரோடும் ராட்டினங்களிலுள்ள நீரை முற்றாக வடித்துவிடுகிறார்கள். பாதையின் தூண்கள் உள்ளே வெறுங் குழாய்களாயிருப்பதால், அவற்றின் அடியிலே நீர் கசிந்தோடச் சிறு துளைகள் விடப்படுகின்றன. ஒரு துளையை இலையோ கூடோ அடைத்துக்கொண்டால், அது சின்ன விடயம் என்று விட்டுவிட முடியாது. காற்றழுத்தத்தால் இயங்கும் தடைகளின் குழாய்களில் ஈரம் இருந்தால் அதுவும் உறைந்து வழியை அடைக்கும். ஆதலின் அந்தக் காற்றையும் உலர்த்தியே அனுப்புகிறார்கள்.

நிற்க. இதுவரை பொருள்களைப் பற்றிப் பேசினேன். இனி மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1986ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி, அமெரிக்காவின் 'சலஞ்சர்' விண்கலம் எழும்பிச் சிறிது நேரத்தில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். அதற்கு முந்திய இரவு கடுங்குளிர். எரிபொருட் கலத்தின் பொருத்துகளை அடைத்திருந்த றப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், இந்தக் குளிரில் ஏவவேண்டாம் என்று அதைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் முதல்நாள் இரவே எச்சரித்தனர். மேலிருந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டு ஏவினார்கள். பின்னர் நடந்த விசாரணையிலே றிச்சட் பெயின்மன் என்ற பௌதிகப் பேராசிரியர் அந்த றப்பரின் துண்டொன்றை இடுக்கியால் நெரித்துப் பனிக்கட்டி நீரிலே போட்டெடுத்து, அது உடனே பழைய உருவத்துக்கு மீளவில்லை என்பதைச் சபையோர் கண்முன்னே காட்டினார். சில்லைப் பற்றி நான் சொன்ன அதே பாடம். விண்கலத்துக்கு ஒரு விதி, ராட்டினத்துக்கு வேறு விதி என்று றப்பருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கேளுங்கள். இங்கிலாந்தின் அல்ரன் ரவர்ஸ் பூங்காவில், 2015ஆம் ஆண்டு யூன் 2ஆந் திகதி, 'ஸ்மைலர்' என்ற றோலர் கோஸ்ரரில் ஆளில்லாது சோதனைக்காக விட்ட வண்டியொன்று பள்ளத்திலே நின்றுவிட்டது. அன்று குளிர் இல்லை. பலத்த காற்று வீசியது. றோலர் கோஸ்ரரின் பாதையைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறில் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொன்று நுழையாதபடி கணினி காவல் செய்யும். அன்றும் அது தன் கடமையைச் செய்து அடுத்த வண்டியைத் தடுத்தது. அங்கிருந்தவர்களோ, முன்னாலே வண்டி நிற்பதை அறியாமல், கணினிதான் பிழைவிடுகிறது என்று எண்ணி, அதன் தடுப்பை நீக்கினார்கள். 16 பேர் ஏறியிருந்த வண்டி சென்று, நின்ற வண்டியோடு மோதியது. ஐவர் படுகாயமுற்றனர், இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தனர். 2016இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. தண்டத்தால் அந்தக் கால்கள் திரும்பி வருமா?

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் இயற்கையின் குணம் முன்னரே அறியப்பட்டிருந்தது. முதலாவதில் மனிதர் 'வேண்டாம்' என்று சொன்னார்கள். இரண்டாவதில் இயந்திரமே 'வேண்டாம்' என்று சொன்னது. சொன்னதைக் கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. காரணம், காத்திருக்கும் கூட்டம், குறித்த நேரம், 'இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே' என்ற துணிவு. குளிர் றப்பரை விறைக்கச் செய்வதுபோல, அவசரம் அறிவை விறைக்கச் செய்துவிடுகிறது.

ஆதலினாலே, பூங்கா மூடியிருக்கும் அந்த ஐந்தாறு மாதங்களை நான் மிகவும் மதிக்கிறேன். சனம் இல்லாத, இசை இல்லாத, பனி மூடிய அந்தக் காலத்திலேதான் உண்மையான வேலை நடக்கிறது. வண்டிகளைப் பாதையிலிருந்து இறக்கிப் பணிமனைக்குக் கொண்டுபோய், அச்சு வேறு, சில்லு வேறு, இருக்கை வேறாகக் கழற்றிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டறிய, உலோகத்தின்மேல் சாயத்தைத் தடவித் துடைத்து, மீண்டும் எங்கே சாயம் கசிகிறது என்று பார்க்கிறார்கள். காந்தப் பொடியைத் தூவி அது எங்கே கூடுகிறது என்று பார்க்கிறார்கள். காதுக்குக் கேளாத ஒலியலையை உள்ளே செலுத்தி, அது திரும்பிவரும் விதத்தைக் கொண்டு உள்ளிருக்கும் பழுதை அறிகிறார்கள். கொனி ஐலன்டிலே 1927இல் திறந்த 'சைக்கிளோன்' போன்ற மரப் பாதைகளிலே, தேய்ந்த பலகைகளை நீக்கிப் புதியன பதிக்கிறார்கள். அதன் அருகே 1920இலிருந்து சுற்றும் 'வொண்டர் வீல்' என்ற ராட்டினத்தின் 24 கூடுகளையும் பனிக்காலத்திற் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறார்கள். பின்னர் வசந்தம் பிறந்ததும், மனிதரின் பாரத்துக்குச் சமமாக நீர் நிரப்பிய பொம்மைகளை ஏற்றி, வண்டிகளைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே சீட்டு விற்கத் தொடங்குகிறார்கள். கோடையில் ஏறுபவன் நூற்றைம்பது விநாடி கூவிவிட்டு இறங்கிப் போகிறான். அவனுக்காகப் பனியிலே கைவிரல் மரக்க ஆணி முறுக்கியவனின் பெயரை அவன் அறியான்.

நண்பர்களே, எங்கள் நாட்டில் பனி பெய்வதில்லை. ஆகவே இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். திருவிழாக் காலத்திலும் காணிவேல் காலத்திலும் எங்கள் ஊர் வெளிகளிலே ராட்டினங்கள் வந்திறங்குகின்றன. ஓரூரிற் கழற்றி, லொறியில் ஏற்றி, அடுத்த ஊரிலே பூட்டுகிறார்கள். குளிர் நாட்டு ராட்டினத்துக்குப் பனிக்காலம் கட்டாய ஓய்வைக் கொடுத்து, 'என்னைக் கழற்றிப் பார்' என்று சொல்ல இடங்கொடுக்கிறது. எங்கள் ராட்டினத்துக்கு அப்படிக் கட்டளையிட ஒரு காலம் இல்லை. அதே நேரத்தில் உப்புக் காற்றும் மாரி மழையும் அதன் ஆணிகளை இரவு பகலாகத் தின்றுகொண்டிருக்கின்றன. இயற்கை கட்டளையிடாத இடத்திலே மனிதன் தனக்குத் தானே கட்டளையிட்டுக் கொள்ளவேண்டும்.

விழாக்களை முன்னின்று நடத்துபவர்களில் எங்கள் சங்கத்து இளைஞர்களும் பலர். அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ராட்டினத்துக்கு இடங்கொடுக்கும் முன்னர், இதைக் கடைசியாக யார் பரிசோதித்தார், எப்பொழுது பரிசோதித்தார் என்று கேளுங்கள். ஈரமண்ணிலே அதன் கால்கள் எதன்மேல் நிற்கின்றன என்று குனிந்து பாருங்கள். காற்று எழும்பும்போது, கூட்டம் எவ்வளவு நின்றாலும், 'இன்று போதும், நிறுத்துங்கள்' என்று சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால், ஏன் என்று வாதாடாமல் நிறுத்துங்கள். பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படி நிறுத்தும் இளைஞனைக் கோழை என்று ஏசாதீர்கள். சீட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்கும் வெட்கம் ஓரிரவோடு போய்விடும். பிள்ளையை இழந்த வீட்டின் துயரம் ஒரு தலைமுறை கழிந்தும் போகாது.

ஓடுகின்ற ராட்டினத்தைப் பார்த்து மகிழ்பவர் ஆயிரம் பேர். ஓயவேண்டிய நேரத்தில் அதை ஓயச் செய்பவர் ஒருவர் இருந்தாற் போதும். அந்த ஆயிரம் பேரும் வீடு திரும்புவர். அந்த ஒருவராக இருக்க எங்களிற் சிலராவது முன்வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.